துணிவு வளர மலை வேண்டுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் போதும். "சாகச முகாம்", "ஆளுமை வளர்ச்சி முகாம்" என்று விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பாறை ஏறுதல், கயிற்றுப் பாலத்தில் நடத்தல், படகு ஓட்டுதல், கூடாரத்தில் தங்குதல் என்று ஒரு பட்டியல் இருக்கும். கடைசி வரியில், "உங்கள் பிள்ளையின் தன்னம்பிக்கை வளரும்" என்ற உறுதிமொழி இருக்கும். அதற்குக் கீழே கட்டணம் இருக்கும். அந்தக் கட்டணத்தைப் பார்த்தவுடன், பாகூரிலும் வில்லியனூரிலும் பல வீடுகளில் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

மாணவ நண்பர்களே! இங்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த உறுதிமொழி உண்மைதானா? உண்மை என்றால், மலையும் இல்லாத, பணமும் அதிகம் இல்லாத நம் கொம்யூன்களின் பிள்ளைகளுக்கு அது எட்டாத கனியா? முதல் கேள்விக்கு விஞ்ஞானிகள் அளந்து பார்த்து விடை சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை நம் ஊர் ஏரிக்கரையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

தன்மதிப்பு என்றால் என்ன?

ஒருவர் தம்மைப் பற்றித் தமக்குள்ளேயே வைத்திருக்கும் மதிப்புதான் தன்மதிப்பு. கண்ணுக்குத் தெரியாத இதை எப்படி அளப்பது? 1965ஆம் ஆண்டில் மோரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் 10 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம்தான் அவர் அதை முதலில் பயன்படுத்தினார். 'நான் மற்றவர்களுக்குக் குறைந்தவன் அல்ல' என்பது போன்ற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாணவர் தமக்கு எந்த அளவு உடன்பாடு என்று குறிக்க வேண்டும். அவற்றைக் கூட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இன்றும் உலகெங்கும் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கும் முன்பே, 1890இல், வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியல் அறிஞர் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே இருப்பது நாம் சாதித்தது. கீழே இருப்பது நாம் ஆசைப்பட்டது. கணக்குப் பாடத்தில் படித்த பின்னங்களை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். பின்னத்தின் மதிப்பை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம். அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம்.

நம் கிராமங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் எந்த வழியைப் பிடிக்கிறார்கள்? "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்கிறார்கள். அதாவது ஆசையைக் குறைத்துக் கொள்கிறார்கள். மனம் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிம்மதிக்கு விலை அதிகம். பெரிதாக எதையும் முயலாமலேயே பள்ளிப் பருவம் போய்விடும். ஆகவே நமக்கு வேண்டியது, ஆசையைச் சுருக்காமல் சாதனையைக் கூட்டும் வழி. வெளிப்புறச் சாகசப் பயிற்சியின் வேலை இதுதான்.

மூழ்கிய கப்பல்கள் தந்த பாடம்

இத்தகைய பயிற்சி போர்க்காலத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. அப்போது லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன உரிமையாளருக்கு ஒரு கவலை ஏற்பட்டது. உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்தவர்களில், வயது முதிர்ந்த மாலுமிகளைக் காட்டிலும் உடல் வலுவுள்ள இளைஞர்களே விரைவில் மனம் தளர்ந்து போகிறார்கள் என்று அவர் கருதினார். முதியவர்களுக்குப் புயலையும் அலையையும் கண்ட அனுபவம் இருந்தது. இளைஞர்களுக்கு அது இல்லை.

நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்திருந்த குர்ட் ஹான் என்ற கல்வியாளருடன் அவர் சேர்ந்தார். 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடலோர ஊரில் ஒரு பள்ளி தொடங்கியது. சுமார் ஒரு மாதப் பயிற்சி. சிறு படகு ஓட்டுதல், மலை நடை, உயிர் காக்கும் முறைகள் ஆகியவையே பாடங்கள். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் 'அவுட்வர்டு பவுண்டு' என்ற சொற்றொடரே பள்ளியின் பெயராயிற்று. பின்னர் அப்பெயரில் பல நாடுகளில் பள்ளிகள் தோன்றின. உலகின் சாகசக் கல்விக்கு அது ஒரு முன்மாதிரியாகவும் ஆயிற்று.

அளந்து பார்த்தபோது

சரி, பலன் உண்டா? ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ், ஜேம்ஸ் நீல், கேரி ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1997இல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வை வெளியிட்டனர். அதுவரை நடந்திருந்த 96 ஆய்வுகளைத் திரட்டினார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 12,000க்கும் மேல். தன்னைப் பற்றிய எண்ணம், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன், தலைமைப் பண்பு போன்றவை பயிற்சிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறின என்று கணக்கிட்டார்கள்.

கிடைத்த சராசரி விளைவு 0.34. இந்த எண்ணுக்கு என்ன பொருள்? பயிற்சிக்கு முன் 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்துவதாக வைத்துக் கொள்ளுங்கள். நடுவில், அதாவது 50ஆவது இடத்தில் நின்ற ஒருவர், பயிற்சிக்குப் பின் அதே பழைய வரிசையில் ஏறத்தாழ 63ஆவது இடத்துக்கு முன்னேறுவார். இது மிகப் பெரிய மாற்றம் அல்ல, புறக்கணிக்கத்தக்கதும் அல்ல. வியப்பு அடுத்தபடியாக வருகிறது. சில காலம் கழித்து மீண்டும் அளந்தபோது, பலன் தேய்ந்து போகவில்லை. சராசரியாக மேலும் 0.17 கூடியிருந்தது. தேர்வு முடிந்த மறுவாரமே பாடம் மறந்து போகும் நமக்கு இது புதுமைதானே!

ஆனால் விஞ்ஞானம் படிப்போர் உடனே கைதட்டிவிடக் கூடாது. இதில் சில எச்சரிக்கைகள் உள்ளன. பல ஆய்வுகளில், பயிற்சிக்குப் போகாத ஓர் ஒப்பீட்டுக் குழு இல்லை. விரும்பிப் போகிறவர்கள் முன்பே சற்றுத் துணிவுள்ளவர்களாக இருக்கக்கூடும். முகாம் முடியும் நாளின் உற்சாகமும் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டலாம். மேலும், எல்லா முகாம்களும் ஒரே பலனைத் தரவில்லை. 20 நாட்களுக்கு மேல் நீண்ட பயிற்சிகளே கூடுதல் பலன் தந்தன. பள்ளிப் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவர்களுக்குப் பலன் அதிகமாக இருந்தது. "மூன்று நாளில் உங்கள் பிள்ளை புதிய மனிதனாவான்" என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த வாக்கியத்துக்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

பாம்பைத் தொட்டவர்களும் பார்த்தவர்களும்

பலன் ஏன் ஏற்படுகிறது என்பதற்கு ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் ஒரு விளக்கம் அளித்தார். 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர். தானே செய்து வெற்றி பெறுவது முதல் வழி. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் ஊக்க மொழி கூறுவது மூன்றாவது. நெஞ்சு படபடப்பதையும் கை வியர்ப்பதையும் எப்படிப் புரிந்து கொள்கிறோம் என்பது நான்காவது.

இவற்றில் வலிமையானது எது? பண்டுராவும் அவருடன் பணி செய்தவர்களும் பாம்பென்றால் நடுங்குகிறவர்களை அழைத்துப் பரிசோதனை செய்தார்கள். பாம்பு நஞ்சற்றது. ஒரு குழுவினர், உதவியாளர் துணையுடன் படிப்படியாகத் தாங்களே அதைத் தொட்டு, எடுத்து, கையாண்டார்கள். மற்றொரு குழுவினர் உதவியாளர் கையாளுவதைப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கும் அச்சம் குறைந்தது; ஆனால் தாங்களே செய்தவர்களின் நம்பிக்கையே மிகுதியாக உயர்ந்தது. (இதைப் படித்துவிட்டு வயல் வரப்பில் பாம்பைப் பிடிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்! அது நஞ்சற்ற பாம்பு. அருகில் பயிற்சி பெற்றவர் இருந்தார். படிகள் சிறியவையாக இருந்தன.)

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. "நீ கெட்டிக்காரன்" என்று நாள்தோறும் சொல்வதால் மட்டும் தன்மதிப்பு நிலைக்காது. 2003இல் ராய் பாமிஸ்டரும் சக ஆய்வாளர்களும் ஏராளமான ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். தன்மதிப்பை ஏற்றிவிட்டால் மதிப்பெண் தானாக ஏறும் என்பதற்குச் சான்று இல்லை என்றும், நன்றாகப் படிப்பதன் விளைவாகவே தன்மதிப்பு ஓரளவு உயர்கிறது என்றும் கண்டார்கள். முதலில் செயல்; பிறகு மதிப்பு. தண்ணீர் யாரையும் முகத்துக்காகப் புகழ்வதில்லை. மிதந்தால் மிதந்தோம், இல்லையேல் இல்லை. அதனால்தான், நீந்தக் கற்றவருக்குத் தன்மேல் வரும் நம்பிக்கையை மற்றவர் சொல் எளிதில் அசைப்பதில்லை.

சிகரம் ஒருவருக்கு, சைக்கிள் எல்லோருக்கும்

நம் நாட்டிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

மாலவத் பூர்ணா, இன்றைய தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமத்தைச் சேர்ந்தவர். பெற்றோர் விவசாயத் தொழிலாளர்கள். சமூக நலத்துறையின் உறைவிடப் பள்ளியில் படித்தார். முதலில் புவனகிரிப் பாறையில் ஏறப் பழகினார். பின்னர் டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் பயிற்சி பெற்றார். 2014ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், 14 வயது நிறைவதற்கு முன்பே, எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். அவருடன் அதே பள்ளி அமைப்பைச் சேர்ந்த ஆனந்த் குமாரும் ஏறினார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முடியாதது என்று ஒன்றும் இல்லை என்பதை நாடு அன்று கண்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தரலாம் என்று அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைந்தார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். வயலுக்கும் கல் உடைக்கும் இடத்துக்கும் சந்தைக்கும் தண்ணீர் எடுக்கவும் பெண்கள் சைக்கிளில் போனார்கள். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அழைத்துப் போக ஆண் துணை தேட வேண்டியதில்லை.

இரண்டில் எது பெரியது? பூர்ணாவின் வெற்றி நம்மை நிமிர வைக்கிறது, ஐயமில்லை. ஆனால் எவரெஸ்ட்டுக்குப் பள்ளிக்கு ஒருவரைக்கூட அனுப்ப முடியாது. புவனகிரிப் பாறையிலோ, புதுக்கோட்டைச் சாலையிலோ எல்லோருக்கும் இடம் உண்டு. முகாம் முடிந்த மறுநாளும் கையில் இருக்கும் திறமையே தன்மதிப்புக்கு உரம் இடும். ஆகவே ஒரு சாகசத் திட்டத்தைப் பார்த்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது முடிந்தபின் பிள்ளையிடம் என்ன மிஞ்சும், ஒரு புகைப்படமா, ஒரு திறமையா?

நம் கொம்யூன்களில் என்ன செய்யலாம்?

வில்லியனூரிலும் பாகூரிலும் மலை இல்லை. ஆனால் தண்ணீர் இருக்கிறது. புதுச்சேரி வட்டாரத்தில் 84 பாசன ஏரிகள் உண்டு. மிகப் பெரிய ஊசுட்டேரி வில்லியனூர் பக்கம் இருக்கிறது. அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. சங்கராபரணி ஆறு வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பாகூர் கொம்யூனுக்குக் கடற்கரையும் உண்டு.

இத்தனை தண்ணீருக்கு நடுவில் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, வயல் கிணற்றில் பிள்ளைகள் நீந்தப் பழகினார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அந்தத் திறந்த கிணறுகள் குறைந்துவிட்டன. ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள், மழைக்குப் பின் தண்ணீருக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. "ஏரிப் பக்கம் போகாதே" என்று வீட்டில் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் பாதுகாப்பு ஆகாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

வங்கதேசக் கிராமங்கள் ஒரு வழி காட்டியுள்ளன. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, 4 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் நீச்சல் கற்பித்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும். 30 விநாடி மிதக்க வேண்டும். மூழ்குபவரைத் தண்ணீரில் குதிக்காமல் கரையிலிருந்தே கழியோ கயிறோ நீட்டிக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது மிகப் பெருமளவு குறைந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைவிடச் சிறந்த சாகசப் பயிற்சி எது? தன்மதிப்பும் வளர்கிறது, உயிரும் காக்கப்படுகிறது.

ஆகவே எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு நான் கூறும் திட்டம் இது. முதல் ஆண்டு நீச்சல். அதற்கென ஆழம் அளந்து, வேலியிட்ட ஒரு குளம் போதும். ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கு நீந்த வேண்டாம். விடியற்காலையில் போய்க் கூழைக்கடாக்களையும் ஊசிவால் வாத்துகளையும் எண்ணலாம். அசையாமல் இரண்டு மணி நேரம் உட்காருவதும் ஒரு பயிற்சிதான்!

இரண்டாம் ஆண்டு, சைக்கிளில் நீரின் வழியே பயணம். பாகூர் மாணவர்கள் பங்காரு வாய்க்காலைப் பின்பற்றித் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டு வரை போகலாம். தங்கள் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காணலாம். வில்லியனூர் மாணவர்கள் சங்கராபரணியின் கரையோடு திருவக்கரைக்குப் போனால், கல்லாய்ச் சமைந்த பழங்கால மரங்களைப் பார்க்கலாம்.

மூன்றாம் ஆண்டு, அந்த ஆறு பிறக்கும் செஞ்சிப் பகுதிக்கே போகலாம். ராஜகிரிக் கோட்டை சுமார் 800 அடி உயரத்தில் நிற்கிறது. வரைபடம் பார்ப்பது, சுமையைப் பங்கிடுவது, சமைப்பது எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. எந்தத் தெருப் பிள்ளை என்று பாராமல், ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாக உண்ண வேண்டும். இதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே.

மாணவிகளை விட்டுவிட்டு இத்திட்டத்தை நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பதே மேல். பூப்பெய்தியவுடன் பெண் பிள்ளை ஏரியிலிருந்தும் தெருவிலிருந்தும் விலக்கப்படும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை அந்த வயதில்தான் மிகவும் தேவைப்படுகிறது. பெண் பயிற்சியாளரும், வசதியான உடையும், தனி நேரமும் ஏற்பாடு செய்தால் பெற்றோர் இசைவார்கள். புதுச்சேரியின் தேசிய மாணவர் படையினர் காரைக்காலுக்குப் பாய்மரப் படகில் சென்று வந்தபோது மாணவிகளும் உடன் சென்றார்கள் என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 2014 ஜூன் மாதம், சுற்றுலா சென்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை இமாசலத்தின் பியாஸ் ஆறு அடித்துச் சென்றது. மேலே அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது; 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவை சாகசத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயத்தம் இல்லாத சாகசத்தைக் கைவிடச் சொல்கின்றன. நல்ல பயிற்சியில் அச்சம் பெரிதாகத் தோன்றும். உண்மையான ஆபத்து சிறிதாக இருக்கும். கெட்ட பயிற்சியில் இது தலைகீழ். பயிற்சி பெற்ற வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி, வானிலை அறிக்கை, பெற்றோர் இசைவு, தலை எண்ணும் பழக்கம் ஆகிய ஐந்தும் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

ஆறாவதாக ஒரு விதியும் உண்டு. "வேண்டாம், இன்று என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு மாணவருக்கும் இருக்க வேண்டும். தண்ணீரில் தள்ளிவிட்டு "தானாகக் கற்றுக்கொள்வான்" என்பதும், பயந்தவனைப் பார்த்துச் சிரிப்பதும் பயிற்சி ஆகாது. அவமானப்பட்ட பிள்ளை அடுத்த முறை ஆசைப்படுவதையே நிறுத்திவிடும். ஜேம்ஸின் பின்னத்தில் சாதனையைக் கூட்டப் போய், ஆசையை அழித்த கதையாகும்.

நண்பர்களே, நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், பரிசோதித்துப் பாருங்கள். தன்னைப் பற்றிய 10 எளிய வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். பயிற்சிக்கு முன்னும், முடிந்த உடனும், 6 மாதம் கழித்தும் நிரப்பச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் போகாத மற்றொரு பிரிவு மாணவர்களிடமும் அதே நாட்களில் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். அடையாள எண் போதும். இரு பிரிவுகளின் சராசரியையும் ஒப்பிடுங்கள். பெரிய ஆய்வுகள் பலவற்றில் இல்லாத ஒப்பீட்டுக் குழு உங்கள் ஆய்வில் இருக்கும்!

பிறகு அந்த முடிவை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடமும் கொம்யூன் பஞ்சாயத்திடமும் போய், "எங்களுக்கு மலை வேண்டாம், வேலியிட்ட ஒரு குளமும், ஒரு நீச்சல் ஆசிரியரும் வேண்டும்" என்று கேளுங்கள்.